மாத்திரைப் பையில் ஒரு பைனாகுலர்

மெடிக்கல் ரெப் வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான். ஓ.பி. முடியும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் கடைசி நோயாளி உள்ளே போய்த் திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். "ரெப்பெல்லாம் ரெண்டு மணிக்கு மேல" என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டால் அன்றைய பகல் போச்சு. என்னுடைய ஏரியா கடலூரில் தொடங்கி காட்டுமன்னார்கோயிலில் முடிகிறது. நடுவில் குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி, சேத்தியாத்தோப்பு, சிதம்பரம். அவ்வப்போது பாகூர் வழியாகப் புதுச்சேரி. இந்த ஊர்களுக்கெல்லாம் பைக்கில் போய் வந்தால் பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி, வீராணம், பாகூர் ஏரி என்று வழி நெடுகத் தண்ணீர்தான். இப்படி ஒரு ரூட்டைக் கையில் கொடுத்துவிட்டு, பறவை பார்க்காதே என்றால் எப்படி?

ஆரம்பித்தது எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்லப் பெரிய கதை இல்லை. சிதம்பரத்தில் ஒரு குழந்தைகள் டாக்டர், ஸ்டெதாஸ்கோப்புக்குப் பக்கத்திலேயே பைனாகுலரையும் வைத்திருப்பார். ஒருநாள் என்னை மாடிக்குக் கூட்டிப்போய் எதிர்வீட்டு வேப்பமரத்தில் ஒரு மாங்குயிலைக் காட்டினார். கண்ணோரம் ஒரு கருப்புக் கோடு, இறக்கையில் கொஞ்சம் கருப்பு, மற்றதெல்லாம் மஞ்சள். அதே தெருவில் பல வருஷம் போய்வந்திருக்கிறேன். அந்த மரத்தை அண்ணாந்து பார்த்ததே இல்லை. அன்று டாக்டரிடம் எங்கள் கம்பெனி சிரப்பைப் பற்றிப் பேசினேனா என்பதே ஞாபகம் இல்லை.

இப்போது பையின் ஒரு பக்கம் சாம்பிளும் டாக்டர்களிடம் விரித்துக் காட்டும் விஷுவல் எய்டும், இன்னொரு பக்கம் பைனாகுலர். கேமரா தனிப் பையில், பெட்ரோல் டேங்க் மேல். யாராவது "நானும் பறவை படம் எடுக்கணும் சார், எந்த கேமரா வாங்கலாம்?" என்று கேட்டால், முதலில் பைனாகுலர் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். 8×42 என்று போட்டிருப்பதை வாங்கினால் போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்பதால் விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று ஆசைப்பட்டால் கை நடுங்கும் நடுக்கமும் அத்தனை மடங்காகும். கேமராவை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் பறவையைப் பார்ப்பதில்லை. படம் விழுந்ததா என்று கேமராவின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அதற்குள் பறவை வேறு ஏதாவது செய்து முடித்திருக்கும்.

காலை ஐந்தரைக்குள் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் ஒன்பது மணிவரை நேரம் என்னுடையது. அதற்குப் பிறகு ஏரி மேல் கானல் எழும்ப ஆரம்பிக்கும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸாக இருந்தாலும், தூரத்தில் இருக்கும் வாத்து தண்ணீருக்குள் கரைந்தது போலத்தான் விழும். அப்போது கேமராவை மூடிவைத்து, பெட்ரோல் பங்க்கில் சட்டையை மாற்றி, டை கட்டிக்கொண்டு, பத்து மணிக்கு முதல் கிளினிக். ஏரிக்கரையில் போடுவது சேற்று நிறத்தில் ஒரு பழைய முழுக்கைச் சட்டை. கம்பெனி சட்டை வெள்ளை. வெள்ளைச் சட்டையோடு கரையில் நின்றால் ஆள்காட்டிக் குருவி கத்தி ஏரி முழுவதற்கும் தண்டோரா போட்டுவிடும்.

இந்தப் பக்கத்து ஏரிகளில் ஒரு வசதி உண்டு. நம் நிலம் மேற்கிலிருந்து கடலைப் பார்த்துக் கிழக்கே சரிகிறது. தண்ணீரைத் தடுத்து நிறுத்த வேண்டுமானால் கிழக்குப் பக்கம்தான் கரை போட வேண்டும். அதனால் பெரும்பாலான ஏரிகளில் பெரிய கரை கிழக்கே இருக்கும். விடிகாலையில் அந்தக் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால். எதிரே இருக்கும் ஒவ்வொரு பறவை மேலும் நேராக வெளிச்சம். சோழர் காலத்தில் வீராணத்துக்குக் கரை போட்டவர்கள் என்னை நினைத்துப் போடவில்லை, ஆனாலும் நன்றி. சாயங்காலம் போனால் எல்லாம் தலைகீழ். பறவை வெறும் நிழலுருவம்தான். சிலருக்கு அப்படிப்பட்ட படம் பிடிக்கும். எனக்கு இறகின் நிறம் தெரிய வேண்டும்.

நான் அதிகம் உட்கார்ந்திருப்பது பெருமாள் ஏரியில். கடலூர்-சிதம்பரம் சாலைக்கு மேற்கே வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஏரி அது. கோடையிலும் இங்கே தண்ணீர் இருப்பதற்குக் காரணம் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் கடும் அழுத்தத்தில் மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் விட்டால் சுரங்கத்தின் தரையே பெயர்ந்துவிடும். அப்படி இறைக்கும் தண்ணீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரி வழியாகப் பரவனாற்றோடு சேர்ந்து பெருமாள் ஏரிக்கு வருகிறது. சித்திரை வெயிலில் மற்ற ஏரிகள் வெடித்துக் கிடக்கும்போது இங்கே நீர்க்காகம் மீன் பிடித்துக்கொண்டிருக்கும். சுரங்கம் பற்றி இந்த மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு வழக்கு இருக்கும், எனக்கும் கருத்து உண்டு. அது இந்தப் பதிவுக்கு வேண்டாம்.

அந்த ஏரியில் எனக்கு மிகவும் பிடித்தது பாம்புத்தாரா. நீந்தும்போது உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும். வெளியே தெரிவது நீண்ட கழுத்தும் ஊசி மூக்கும் மட்டும். பெயர் எப்படி வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. நீர்க்காகம் மீனைக் கவ்விப் பிடிக்கும், பாம்புத்தாரா குத்திப் பிடிக்கும். ஒரு மார்கழி காலை, கரையோரம் பட்டுப்போன கருவேலமரம் ஒன்றுக்கு எதிரே பைக்கிலேயே உட்கார்ந்திருந்தேன். முக்குளித்து மேலே வந்த பாம்புத்தாராவின் மூக்கில் உள்ளங்கை அகல ஜிலேபி மீன் குத்தி நின்றது. பிடித்தாகிவிட்டது, ஆனால் மீன் மூக்கில் மாட்டிக்கொண்டிருக்கும்போது எப்படி விழுங்குவது? மரத்தின் தாழ்ந்த கிளைக்கு ஏறி, மீனைக் கிளையில் தட்டியது. வரவில்லை. தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உதறியது. மீன் கொஞ்சம் நழுவியது. கழுத்தை இசட் மாதிரி மடித்து, ஒரே சுண்டலில் மீனை மேலே எறிந்தது. மீன் காற்றில் ஒரு தடவை புரண்டது. கீழே வரும்போது அதன் தலை முதலில் இருந்தது. வாய் திறந்து வாங்கிக்கொண்டது. தலைப்பக்கமாக விழுங்கினால்தான் முதுகுமுள் மடங்கித் தொண்டைக்குள் இறங்கும். பென்சில் தடிமன் கழுத்துக்குள் அந்த மீன் எப்படிப் போகும் என்று நினைப்பதற்குள் கழுத்தில் ஒரு வீக்கம் மெதுவாகக் கீழே நகர்ந்தது. அப்புறம் இரண்டு இறக்கையையும் விரித்து வெயிலுக்குக் காட்டி உட்கார்ந்துவிட்டது. அதன் இறகு வாத்தின் இறகைப் போலத் தண்ணீரை ஒட்டவிடாமல் தள்ளாது, ஊறிப்போகும். ஊறுவதால்தான் அவ்வளவு சுலபமாக மூழ்க முடிகிறது. காயவைத்தால்தான் மறுபடி வேலைக்கு ஆகும்.

மீன் காற்றில் இருந்த நொடி படத்தில் கிடைத்தது. ஷட்டர் வேகம் 1/2000 நொடி, அதனால் மீன் செதிலிலிருந்து தெறித்த சொட்டுகூட நின்றுவிட்டது. கேமரா பழசுதான், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. லென்ஸ் 150-600 மி.மீ., எடை ஏறக்குறைய இரண்டு கிலோ. இந்தப் படத்துக்கு அவை காரணம் என்று சொல்ல மாட்டேன். நான் பைக்கை விட்டு இறங்காததுதான் காரணம். நடந்து வரும் மனிதனைப் பார்த்தால் பறவைகள் விலகிப் போகும். நின்றுபோன வண்டியையும் அதன்மேல் அசையாமல் இருக்கும் ஆளையும் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சில் வருஷக்கணக்காக எடுத்த பயிற்சி இங்கே உதவுகிறது.

கரையில் நீளமான லென்ஸோடு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும், அதுவும் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் இந்த மாவட்டத்தில். தரிசாகக் கிடந்த வயலில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கோலை ஊன்றியபடி வந்து நின்றார்.

"என்னா சார், நெலம் எடுக்கவா?"

"இல்லைங்க பெரியவரே. பறவையைப் படம் எடுக்கறேன்."

"எடுத்து?"

இந்தக் கேள்விக்கு எந்தப் புகைப்படக்காரரிடமும் ஒழுங்கான பதில் இருக்காது. நான் திரையைத் திருப்பி அவரிடம் காட்டினேன். அப்போதுதான் எடுத்த மடையான் படம். நாம் தினமும் வாய்க்கால் ஓரம் பார்க்கும் அதே மண் நிறக் கொக்கு. பங்குனியிலிருந்து இனப்பெருக்கக் காலத்தில் அதன் முதுகு அடர்ந்த பழுப்புச் சிவப்பாக மாறிவிடும், தலையின் பின்னால் நீண்ட வெள்ளை இறகுகள் தொங்கும். படத்தைப் பெரிதாக்கிக் கண்ணைக் காட்டினேன். மஞ்சள் விழி.

"இது நம்ம மடையானா! நெதம் காலுகிட்ட நிக்கிது. கண்ணு இந்த நெறமா?" என்று குனிந்து பார்த்தார். பிறகு தன் வாத்துகளைக் காட்டி, "அதுங்களயும் ஒண்ணு எடு தம்பி" என்றார். சாரிலிருந்து தம்பிக்கு இறங்கியதில் எனக்குச் சந்தோஷம். அதற்குப் பிறகு அவர் எனக்குச் சொல்லாமல் அந்தப் பக்கம் எதுவும் நடப்பதில்லை. இலைக்கோழி எந்தத் தாமரைக்குள் திரிகிறது, நீலச்சிறகி வாத்து எந்த மூலையில் இறங்கியிருக்கிறது எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். நீளவால் இலைக்கோழி பற்றி அவர் சொன்னதை நான் பிற்பாடு சரிபார்த்தேன், அப்படியே உண்மை: பெண் முட்டையிட்டுவிட்டு வேறு ஆணோடு போய்விடும், அடைகாப்பதும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவதும் ஆண்தான். "எங்க வூட்டுலயும் அப்டித்தான், வாத்துக்கு நான்தான் அம்மா" என்று சிரித்தார்.

வீராணம் வேறு மாதிரி. அங்கே பறவையைத் தேடுவதற்கு முன்னால் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். முழு நீர்மட்டம் 47.5 அடி. கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வந்து ஏரி நிரம்பி நின்றால் செய்தித்தாளில் மகிழ்ச்சியாகப் படம் போடுவார்கள். சென்னைக்குக் குடிதண்ணீர் போகும், விவசாயிக்கும் நிம்மதி. ஆனால் சேற்றில் நின்று மேயும் உள்ளான்களுக்கு அன்று நிற்க இடமில்லை. நிரம்பிய ஏரி, முக்குளிப்பான், நாமக்கோழி, மேலே வட்டமிடும் மீசை ஆலா இவற்றுக்கு. மட்டம் இறங்கி ஓரத்தில் சேறு தெரிய ஆரம்பிக்கும்போது நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் வரிசை கட்டும். "போன வாரம் வந்தேன், ஒண்ணுமே இல்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் தவறான மட்டத்தில் வந்தவர்கள்.

கடலூர் உப்பனாற்றுக்கு ஏரிக்கணக்கு செல்லாது, அலைக்கணக்கு வேண்டும். கடல் ஏற்றமும் வற்றமும் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். வற்றும் நேரத்தில் முதுநகர் பக்கம் சேறு வெளியே வரும். பவளக்காலி அங்கே சிவப்புக் கால்களோடு ஓடி ஓடிக் குத்தித் தின்னும். துறைமுகத்தில் மீன் இறங்கும் நேரமென்றால் செம்பருந்துகள் தலைக்கு மேலேயே சுற்றும். பறக்கும் பறவையைப் படமெடுக்கப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. பெரிய உருவம், நிதானமான பறத்தல், ஒன்றை விட்டால் அடுத்தது வந்துகொண்டே இருக்கும். பிச்சாவரம் எல்லோருக்கும் தெரிந்த இடம், 2022இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன்: மோட்டார் படகு வேண்டாம், முதல் ஆளாகப் போய்த் துடுப்புப் படகு எடுங்கள். குளிர்காலத்தில் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே கருந்தலை மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். சிவப்பு மூக்கு, ஊதா கலந்த நீல முதுகு. மோட்டார் சத்தம் கேட்டால் வளைவுக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

படம் எடுப்பதில் என்னை அதிகம் சோதித்தது கொக்குதான். நடவுக்கு முன்னால் கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரம் போட்ட டிராக்டர் சேற்றை உழும், பின்னாலேயே உண்ணிக்கொக்குக் கூட்டம் புழு பொறுக்கிக்கொண்டு வரும். அருமையான காட்சி. ஆனால் கேமராவுக்குத் தெரிவது பெரும்பாலும் கருத்த சேறு. இருட்டாக இருக்கிறதே என்று அது வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கு வெளுத்துப்போய் இறகே இல்லாத வெள்ளைத் தாளாக விழும். அப்படிப்பட்ட இடத்தில் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் வெளிச்ச அளவை, ஒரு படி குறைத்துவிட வேண்டும். மின்கம்பியில் வெளுத்த வானத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் கரிச்சானுக்கு இதே வேலையைத் திருப்பிச் செய்ய வேண்டும், ஒரு படி கூட்ட வேண்டும். இது தெரிந்த அன்று நான் பழைய படங்களில் பாதியைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். இடமாவது மிச்சம்.

அடுத்த எதிரி பூஞ்சை. கடலோரம் வசிக்கிறோம், காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. பீரோவில் துணியோடு லென்ஸை வைத்தால் ஒரு மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் சிலந்தி நூல் மாதிரி படர்ந்துவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும், விலை உயர்ந்த பெட்டி தேவையில்லை. மாத்திரை டப்பாக்களுக்குள் ஒரு சிறு பொட்டலம் கிடக்குமே, அதுவும் சிலிக்கா ஜெல்தான். எனக்குத் தெரிந்த மெடிக்கல் ஷாப்காரர்கள் அதைச் சேர்த்துவைத்துக் கொடுக்கிறார்கள். தனியாக வாங்கும் நீல நிற ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், வாணலியில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். "அந்த வாணலியை இனிமே அடுப்பாங்கரைப் பக்கம் கொண்டாராதீங்க" என்பது வீட்டு உத்தரவு. நியாயம்தான், அந்த நீலச் சாயம் வயிற்றுக்குள் போகக் கூடாது.

இதையெல்லாம் சொல்லும்போது எரிச்சல் தரும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அரிய பறவை வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி விழுந்தால் போதும், மறுநாள் கரையில் கார்கள். பறவை எந்தப் புதரில் இருக்கிறதோ அதைச் சுற்றி வளைத்துக்கொள்வார்கள். உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைக் கல்லெறிந்து எழுப்பிப் பறக்கும் படம் எடுத்தவரையும் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இறங்கிய வாத்துக்கு ஒவ்வொரு தடவை எழும்புவதும் அநாவசியச் செலவு, திரும்பிப் போகச் சேர்க்கிற கொழுப்பில் அது கழியும். கூட்டைப் படமெடுப்பது அதைவிட மோசம். நாம் இலையை விலக்கிப் படம் எடுத்துவிட்டுப் போவோம், காகம் அதே வழியாக வந்து முட்டையை எடுத்துவிட்டுப் போகும். இயற்கை எழுத்தாளர் மா. கிருஷ்ணன் கடைசிவரை கருப்பு வெள்ளையிலேயே காட்டு விலங்குகளைப் படமெடுத்தார். அவருடைய யானைப் படங்களில் யானை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு படம்தான் எனக்கும் வேண்டும். ஒரு பறவை என்னைப் பார்த்துப் பயந்த முகத்தோடு இருக்கும் படம், எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் வேண்டாம்.

சரி, சந்தோஷமான விஷயத்துக்கு வருகிறேன். எடுத்த படங்களை நான் முதலில் காட்டுவது கிளினிக் பெஞ்சில்தான். காத்திருக்கும் இடத்தில் எல்லோரும் போனைத்தான் நோண்டிக்கொண்டிருப்பார்கள். நான் என் போனில் படம் பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார். அவ்வளவு போதும். ஒருமுறை புள்ளி ஆந்தை படத்தைப் பார்த்த பாட்டி ஒருவர், "ஏம்ப்பா, ஆசுபத்திரிக்கு வந்த எடத்துல ஆந்தையக் காட்டுற?" என்று முகம் சுளித்தார். ஆந்தை எத்தனை எலி தின்னும், எலி எவ்வளவு நெல் தின்னும் என்று சொல்ல ஆரம்பித்தேன். பாட்டி இடைமறித்தார். "அதெல்லாம் எனக்குத் தெரியும். எங்க களத்துமேட்டுல கூகை இருந்துது, எங்க மாமனார் அதை வெரட்டவே வுடமாட்டாரு. இருந்தாலும் ஆசுபத்திரில வேணாம்." இதற்கு மேல் வாதாட என்ன இருக்கிறது? மாங்குயில் படத்துக்கு மாற்றினேன். குறிஞ்சிப்பாடியில் ஒரு கிளினிக்கில் கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் சிறகடித்து நிற்கும் படத்தைக் கம்பவுண்டர் கேட்டு வாங்கி, இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். சர்க்கரை நோயாளிகள் எல்லோருக்கும் இப்போது அந்தப் பறவை தெரியும்.

ஆனால் ஆறுமணிக் குருவி கதைதான் பெரிது. மஞ்சக்குப்பத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம், ஐப்பசி மாதம், முந்தின இரவு நல்ல மழை. அங்கே வேலை பார்க்கும் அக்கா காலையில் போன் செய்தார். "தம்பி, வெளக்கு போட்ட ஜன்னல்ல ராத்திரி ஏதோ மோதியிருக்கு. கலர் கலரா ஒரு குருவி, வாலே இல்லை. அட்டைப்பெட்டில வச்சிருக்கேன், சாவுமா?" பெட்டியை மூடி இருட்டாக வையுங்கள், தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள், தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வர்ணனையைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

ஆறுமணிக் குருவி இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, மழை முடிந்ததும் தெற்கே நமக்கும் இலங்கைக்கும் வரும். இரவில்தான் பயணம். ஊர் விளக்குகளில் குழம்பி வீட்டுக் கொல்லையிலும் மாடிப்படியிலும் களைத்து விழுவது ஐப்பசியில் வழக்கமாக நடப்பது. பெட்டியைக் கொஞ்சம் திறந்து பார்த்தோம். பச்சை முதுகு, தோளில் ஒரு துண்டு நீலம், வெண்தொண்டை, மங்கிய மஞ்சள் மார்பு, அடிவயிற்றில் ரத்தச் சிவப்பு, கண்ணை மறைத்துக் கருப்புப் பட்டை. ஒரு கால் மேல் எடையைப் போட்டு நின்றுகொண்டு எங்களை முறைத்தது. இறக்கை இரண்டும் சரியாக மடிந்திருந்தன. எலும்பு முறிந்திருக்காது என்று நினைத்தேன். இன்னும் ஒரு மணிநேரம் அப்படியே மூடிவைத்தோம். இதற்குள் ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். "டீ குடிச்சிட்டு வரட்டுமா" என்று அவசரப்பட்டவர்கூட அசையவில்லை.

பின்கொல்லையில் மாமரம், அடியில் யாரும் பெருக்காத சருகு. அங்கே பெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றோம். முதலில் அசைவே இல்லை. பிறகு இரண்டு தத்தல், வெளியே வந்தது. சருகை மூக்கால் புரட்டியது. ஒரு புழுவை இழுத்துத் தின்றது. அக்கா என் கையைக் கிள்ளினார். அது பறந்து போய்விடும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அது போகவில்லை. அந்தக் கொல்லை அதற்குப் பிடித்துவிட்டது. பங்குனி வரை அங்கேயே இருந்தது. காலை ஆறு மணிவாக்கில் இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை, சாயங்காலம் இருட்டும்போது மறுபடி. அக்கா அந்தச் சருகை யாரையும் பெருக்கவிடவில்லை. வீட்டுக்காரர் கேட்டதற்கு "வி.ஐ.பி. தங்கியிருக்காங்க" என்றாராம். இப்போது அவர் போனில், குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி இருக்கிறது. கொல்லையில் எது கத்தினாலும் பதிவு செய்து எனக்கு அனுப்புகிறார். பாதி தவிட்டுக்குருவி. ஒவ்வொன்றுக்கும் பதில் போடுகிறேன்.

தை பிறக்கும்போது பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும், ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நான்கு நாட்கள். சேர்வதற்குக் கேமராவும் வேண்டாம், அனுபவமும் வேண்டாம். வீட்டு மாடியிலோ கொல்லையிலோ வயல் வரப்பிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்தால் போதும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாதீர்கள், அவைதான் முக்கியம். இந்த முறை நான் போகி முடிந்த மறுநாள் பெருமாள் ஏரிக் கிழக்குக் கரையில் இருப்பேன், சூரியன் எழும்போது. அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார், கம்பவுண்டர் தன் பையனோடு வருகிறார், சிதம்பரத்து டாக்டருக்கு அன்று ஓ.பி. இல்லை. வருகிறவர்கள் வெள்ளைச் சட்டை போடாதீர்கள். கரையில் டீக்கடை கிடையாது, ஃபிளாஸ்க் கொண்டு வாருங்கள். பொங்கல் யாராவது தூக்குவாளியில் எடுத்து வந்தால் மறுப்பதற்கில்லை.